கம்பியையும் சேர்த்து

வெளிநாட்டுக் குடை இனிமேல் கப்பலில் இறங்காது என்ற சேதி குடைத்தெருவுக்கு வந்தபோது, குடைச் சங்கத் தலைவர் வீட்டு மருமகள் ஏழாவது துண்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குடைக்கு எட்டுத் துண்டு. முக்கோணமாக வெட்டிய துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்துக்கொண்டே போனால், எட்டாவது தையல் முதல் துண்டைப் போய்த் தொடுகிற இடத்தில் தட்டையான துணி திடீரென்று குவிந்து கூரையாகும். அந்த இடத்தில் யார் கூப்பிட்டாலும் அவள் தலை நிமிரமாட்டாள். ஒரு நூல் பிசகினால் குடை ஒரு பக்கம் தொங்கும். தொங்குகிற குடை கடன் வாங்கினவன் மாதிரி, நேராக முகம் காட்டாது என்பார் மாமனார்.

அவர்தான் அன்றைக்கு வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, மெஷினை நிறுத்து! வந்துடுச்சு! தடை வந்துடுச்சு!"

"இன்னும் ஒரு தையல், மாமா."

"ஒரு தையலாம்! அரசாங்கம் துறைமுகத்தையே தைச்சு மூடிடுச்சு. நீ என்னமோ ஒரு முழத் துணியைக் கட்டிக்கிட்டு அழுவறே."

உள்ளறையில் கம்பி கோத்துக்கொண்டிருந்த கணவன் கையைத் துடைத்தபடி வந்தான். நாத்தனார் அவனுக்கு முன்னால் வந்தாள். அவள் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனவள்தான். ஆனாலும் காலைச் சாப்பாடு முடிந்ததும் இங்கே வந்துவிடுவாள். துணியின் எட்டு நுனியையும் கம்பி முனைகளில் வைத்துக் கட்டுவது அவள் வேலை. ஊசியை வாயில் கவ்விக்கொண்டே பேசுவதில் தெருவில் அவளுக்கு நிகர் கிடையாது.

"நெசமாவாப்பா? போன தடவையும் இப்படித்தான் சொன்னே. கடைசியில பார்த்தா அது வேற ஏதோ ஊர்ச் செருப்புக்கு வந்த தடை."

"எழுத்துப்பூர்வமா வந்திருக்குடி! குடையும், குடைக்குரிய கம்பி, துணி, கைப்பிடி, மூடி முதலான சகல உறுப்புகளும்னு போட்டிருக்கான். நாம எழுதிக் குடுத்ததை ஒரு எழுத்து மாத்தலை."

மருமகள் எட்டாவது தையலை முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். 'சகல உறுப்புகளும்' என்ற இடத்தில் அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை எழுந்து அடங்கியது. அது அவள் சொன்ன யோசனை.

தெருவில் முன்பு இருபத்துமூன்று வீடுகளில் குடை செய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் குடை வந்தது. கலர் கலராக, மூன்றாக மடிந்து பைக்குள் போகிற குடை. நம் குடை பத்து என்றால் அது ஐந்து. ஆறு வீடுகள் தொழிலை விட்டுவிட்டன. மீதிப் பதினேழு வீட்டுக்காரர்களும் சங்கத்தில் கூடி, வெளிநாட்டுக் குடையைத் தடுக்க வேண்டும் என்று மனுப் போடத் தீர்மானித்தார்கள். மாமனார்தான் சங்கத் தலைவர். பதினோரு வருஷமாக அவரே தலைவர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்டதில்லை; அவரோ, தான் போட்டியின்றித் தேர்வாவதாகச் சொல்லிக்கொள்வார்.

எந்தெந்தச் சரக்கைத் தடுக்க வேண்டும் என்று மனுவில் பட்டியல் கேட்டிருந்தது. 'குடை' என்று ஒரே சொல் எழுதிவிட்டு மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டுக்கொண்டிருந்த மருமகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, குடையை மட்டும் தடுத்தா, அவன் பிரிச்சுப் பிரிச்சுக் கொண்டாந்து துறைமுகத்துப் பக்கத்துலயே மாட்டி வித்துடுவான். கம்பி, துணி எல்லாத்தையும் சேர்த்து எழுதுங்க."

வேறு தெருக்காரிக்கு அது தோன்றியிருக்காது. இந்தத் தெருவில் குடை என்பது ஒரு பொருளே அல்ல. கைப்பிடி ஒரு வீட்டில் கடையப்படும், உச்சிமூடி ஒரு வீட்டில் அடிக்கப்படும், துணி ஒரு வீட்டில் வெட்டப்படும். நாலு வாசல் ஏறி இறங்கின பிறகுதான் அதற்குக் குடை என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அதைப் பார்த்து அதிசயப்பட்டிருக்கிறாள். நாம் இப்படிச் செய்தால் அவனும் அப்படித்தானே செய்வான் என்று கணக்குப் போட்டாள்.

மாமனார் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பட்டியலை நீளமாக்கினார். மறுநாள் சங்கத்தில், "ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்று ஆரம்பித்து அதைத் தன் யோசனையாகவே சொன்னார். மருமகளுக்கு அதில் வருத்தமில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தன் வார்த்தையை வேறொருவர் சத்தமாகச் சொல்வது அவளுக்கு ஒரு விதத்தில் வசதி.

தடை வந்த முதல் மாதம் தெருவுக்கே புது ரத்தம் ஏறியது. கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். பத்தாக இருந்த குடை பதினொன்றாகி, பன்னிரண்டாகி, பதின்மூன்றில் நின்றது. யாரும் கூடிப் பேசி ஏற்றவில்லை. ஒரு வீட்டில் ஏற்றினார்கள், அடுத்த வீட்டிலும் அந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். கணவன் ஒரு வருஷமாக வலித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டான். எதிர்வீட்டில் கைப்பிடி கடைகிறவர் தன் பட்டறைக்குப் புதுத் தகரக் கூரை போட்டார். எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற அவரே, "தலைவர்னா இவர்தான் தலைவர்" என்று தெரு முனையில் நின்று சொன்னதாக நாத்தனார் வந்து சொன்னாள்.

"அவர் வாயிலேர்ந்து நல்ல வார்த்தை வந்துடுச்சு அண்ணி. இன்னிக்கு மழைதான்."

மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் தெருக் கூட்டுகிற அம்மாள் வந்தாள். நகராட்சிச் சட்டை போட்டு, கையில் ஒடிந்த வெளிநாட்டுக் குடை ஒன்றை வைத்திருந்தாள்.

"இதைச் சரி பண்ண முடியுமாம்மா?"

மருமகள் வாங்கி விரித்துப் பார்த்தாள். கம்பி இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மடிகிற மூட்டு துருப்பிடித்து உதிர்ந்தது. "இது இனிமே நிக்காதுங்க. புதுசு வாங்கிடுங்க."

"புதுசு எவ்வளவு?"

சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "போன வருஷம் இதை அஞ்சுக்கு வாங்கினேன்."

"அது ஒரு மழைக்குத்தான் தாங்கும்" என்று உள்ளிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "எங்க குடை நாலு மழைக்காலம் தாங்கும். கணக்குப் போட்டுப் பாருங்க."

"கணக்கு எனக்கும் தெரியும் தாயி. நாலு வருஷத்துக்கு உண்டான காசை ஒரே நாள்ல குடுக்க என்கிட்ட இருந்தா, நான் ஏன் மழையில நின்னு பெருக்கறேன்?" அவள் ஒடிந்த குடையை வாங்கி மடக்கினாள். மடங்கவில்லை. "யாரோ குடைக்காரங்க போய் எழுதிக் குடுத்துத் தடுத்துட்டாங்களாமே. எந்தப் புண்ணியவான்னு தெரியலை. நல்லா இருக்கட்டும்."

திட்டியிருந்தால் நாத்தனார் பதிலுக்குத் திட்டியிருப்பாள். நல்லா இருக்கட்டும் என்றதும் அவளுக்கே ஊசி வாயோடு நின்றுவிட்டது. மருமகள் மெஷினை மிதித்தாள். அப்போது அவள் தைத்த குடை ஒரு பக்கம் தொங்கியது. பிரித்து மறுபடி தைத்தாள்.

இரண்டாம் மாதம் கம்பி குறைந்தது.

குடைக் கம்பி எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். கடைவீதியில் கம்பிக்கடைக்காரர் என்று ஒருவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுகிற மனிதர். இருபது வருஷமாகத் தெருவுக்குக் கம்பி கொடுப்பவர் அவர் ஒருவரே. உள்ளூர்ச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிய கட்டுகள். ஊருக்கு வெளியே இருக்கிற உருக்காலையில் அடித்து வருவதாகச் சொல்வார். விலை கூடுதல்தான். ஆனால் வேறு யாரிடமும் குடைக் கம்பி கிடையாது. ஒரு குடையின் அடக்கத்தில் பாதி அவருக்குப் போய்விடும்.

முதலில் கேட்டதில் பாதி கொடுத்தார். பிறகு கால்வாசி. பிறகு, "ஆலையில வேலைநிறுத்தம்" என்றார். தெருவில் சுத்தியல் சத்தம் ஒவ்வொரு வீடாக ஓய்ந்தது. மருமகள் தைத்த துணிகள் கம்பி இல்லாமல் சுவரோரம் அடுக்கடுக்காக ஏறின.

கணவன் ஒரு நாள் பஸ் ஏறி உருக்காலைக்கே போய்விட்டான். மத்தியானம் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, மருமகளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"வேலைநிறுத்தமே இல்லை. காவல்காரர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். 'தம்பி, இங்க வீடு கட்டற கம்பிதான் அடிக்கறோம். குடைக் கம்பியை நான் பார்த்ததே இல்லை'ங்கறார்."

"அப்போ நம்ம கம்பி?"

"அதைத்தான் போய்க் கேக்கணும். நீயும் வா. நான் தனியாப் போனா கை நீட்டிடுவேன்."

கம்பிக்கடைக்காரர் இவர்களைப் பார்த்ததும் துண்டை எடுத்து நெற்றியைத் துடைக்க ஆரம்பித்தார். கணவன் உருக்காலை என்று சொன்னதுமே அவர் முகம் தொங்கிப்போனது. கல்லாவை விட்டு எழுந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். யாரும் உட்காரவில்லை.

"கப்பல்லதான் வருது" என்றார். "எப்பவுமே கப்பல்லதான் வந்துது. நான் கட்டைப் பிரிச்சு நம்ம பேப்பர்ல சுத்திக் குடுப்பேன். எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா நாளைக்கே நீங்க நேராப் போயிடுவீங்க. என் பொழைப்பு என்ன ஆகிறது?"

"எங்க பொழைப்பு என்ன ஆச்சு பாருங்க" என்றான் கணவன்.

"நான் என்ன பண்ணேன் தம்பி? குடை மட்டும்னு எழுதியிருந்தா எனக்கும் வியாபாரம், உங்களுக்கும் வியாபாரம். கம்பியையும் சேர்த்து எழுதினது யாரு? அன்னிக்கு உங்க அப்பா இங்க நின்னு அதைப் பெருமையாச் சொன்னப்போ எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. என்ன பதில் சொல்ல?" அவர் மறுபடி துடைத்தார். "ரெண்டு மாசச் சரக்கு கையில இருந்துது. அதுக்குள்ள ஏதாவது நடக்கும்னு பார்த்தேன்."

மருமகளுக்கு அந்தக் கேள்வி மட்டும் மறுபடி கேட்டது. கம்பியையும் சேர்த்து எழுதினது யாரு. பதினேழு வீடு, அதில் அறுபது எழுபது வயிறு. மழைக்காலம் ஒன்றில்தான் வருஷத்துச் சோறு. அதை ஒரு கரண்டிச் சோறு போடுகிற நேரத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தை மூடிவிட்டது.

வீட்டில் மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவன் பேப்பர்ல சுத்திக் குடுத்தான், நாமளும் பேப்பரைப் படிச்சுக்கிட்டு இருந்துட்டோம்" என்றார். சிரிக்க முயன்றார். வரவில்லை.

மறுநாள் காலை கைப்பிடிக்காரர் பட்டறையில், புதுத் தகரக் கூரைக்குக் கீழே தெருவே கூடியது. வெயில் ஏறி, கூரை அடுப்பாகக் காய்ந்தது.

"என் கூரைக்குக் குடுத்த காசு போச்சு, அது போகட்டும்" என்று கைப்பிடிக்காரர் ஆரம்பித்தார். "ஆனா ராத்திரியெல்லாம் யோசிச்சேன்னு சொன்னீங்களே தலைவரே, அந்த ராத்திரி தூங்கியிருந்தா இவ்வளவு கெட்டிருக்காதே."

யாரோ சிரித்தார்கள். யாரோ தலைவரை மாற்றணும் என்றார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படி நின்று மருமகள் பார்த்ததில்லை. அவள் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தாள். எழுந்து நின்றது தன் கால்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அது மாமா சொன்னது இல்லீங்க. நான் சொன்னது."

தலைகள் பின்பக்கம் திரும்பின. மாமனார் விருட்டென்று நிமிர்ந்தார்.

"உட்காரும்மா நீ! நான்தான் சொன்னேன்."

"இல்லை மாமா. சோறு போடறப்போ நான்தான்…"

"நீ சோறு போட்டே. யோசனை என்னோடது! எழுதின கை என் கை. கையெழுத்து என் கையெழுத்து. இத்தனை நாள் பெருமை எனக்கு, இப்போ வசவு மட்டும் உனக்கா? நல்லா இருக்கே நியாயம்!"

"ஏம்ப்பா" என்றாள் நாத்தனார், "ஊர்ல எல்லாரும் பழியைத் தள்ளி விடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு வாங்கறீங்களே. மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம் குடுங்க."

கைப்பிடிக்காரருக்கே வாய் கோணியது. சிரிப்பு ஒரு ஓரத்தில் ஆரம்பித்துப் பரவியது. அதற்குப் பிறகுதான் அடுத்து என்ன செய்வது என்று பேச முடிந்தது. வணிகத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கம்பியை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்வது என்று முடிவானது.

அங்கே இருந்த அதிகாரி அம்மாளுக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மனுவைப் படித்தார்.

"ஒரு வரியை மட்டும் எடுக்க முடியாதுங்க. திறந்தா முழு உத்தரவையும் திறக்கணும். அப்படித் திறந்தா உங்களை மட்டும் கேக்க முடியாது. குடை விக்கிறவங்க, வாங்கறவங்க எல்லாரையும் கூப்பிடணும். அவங்க தடையே வேண்டாம்னு சொல்லலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? தடை இருந்து கம்பி இல்லாவிட்டால் பட்டினி. தடை போய்க் கம்பி வந்தால் பழையபடி அரைப் பட்டினி. அரைப் பட்டினியே மேல் என்று தெரு தலையாட்டியது.

விசாரணை அன்று அலுவலகக் கூடம் நிறைந்துவிட்டது. கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். நகராட்சிச் சட்டையோடு பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஒடிந்த குடையோடு வந்த தெருக் கூட்டுகிற அம்மாளும் அதில் இருந்தாள். மருமகளைப் பார்த்ததும், தடை கேட்டது இவர்கள்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கம்பிக்கடைக்காரர் கடைசிப் பெஞ்சில் துண்டோடு இருந்தார்.

அதிகாரி ஒவ்வொருவரையும் கேட்டார். தடைக்கு முன்னால் என்ன விலை, இப்போது என்ன விலை. குடை வாங்க முடியாமல், வருகிற மழைக்குச் சாக்கை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று அந்த அம்மாள் சொன்னாள். கோபமில்லாமல், எண்ணிச் சொன்னாள். அவளுடைய பிரிவில் மட்டும் நாற்பத்தொரு பேர். அறுபது எழுபது வயிறு என்று கணக்குப் பண்ணி வந்த மருமகளுக்கு அந்த எண் குத்தியது. ஊரில் இப்படி இன்னும் எத்தனை பிரிவு.

பிறகு குமாஸ்தா கப்பல் சரக்குப் பதிவேட்டிலிருந்து கம்பியின் விலையைப் படித்தார். தடைக்கு முன்னால் ஒரு கட்டு துறைமுகத்தில் இறங்கிய விலை.

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் வாய் பிளந்திருந்தது. இவர்கள் ஒரு கட்டுக்குக் கொடுத்த காசில் அங்கே மூன்று கட்டு வாங்கலாம். கடைசிப் பெஞ்சில் கம்பிக்கடைக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போனார்.

அவளுக்குள் எண்கள் ஓடத் தொடங்கின. பத்தில் ஐந்து கம்பிக்கு. அந்த ஐந்து, ஒன்றே முக்காலுக்கும் கீழே வந்தால்? பத்து, ஏழுக்கும் கீழே. வெளிநாட்டுக் குடை ஐந்து. ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவில் இரண்டு. அந்த இரண்டுக்கு மூன்று மழைக்காலம் கூடுதல்.

"தலைவர்கிட்ட ஒரு கேள்வி" என்றார் அதிகாரி. "தடையை எடுத்துட்டா உங்க தெரு மூடிடுமா?"

மாமனார் எழுந்தார். மூடிவிடும் என்றுதான் தெரு சொல்லி அனுப்பியிருந்தது. அவர் வாயைத் திறந்தார், திறந்தபடி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"கணக்கெல்லாம் என் மருமகள்தான் மேடம். ஏம்மா, எழுந்து சொல்லு. இந்தத் தடவை உன் வாயாலயே சொல்லு."

அவள் எழுந்தாள்.

"மூடாதுங்க" என்றாள்.

பின்னால் பதினேழு வீடும் ஒரே மூச்சாக இழுத்தது கேட்டது.

"இப்போ படிச்ச விலைக்குக் கம்பி கிடைச்சா மூடாதுங்க. யார் வேணும்னாலும் கம்பி கொண்டாரலாம்னு விடுங்க. ஒருத்தர் கையில மட்டும் இருக்க வேண்டாம். குடையும் வரட்டும். எங்களுக்குக் கொஞ்ச நாள் மூச்சு விட இடம் குடுத்தாப் போதும்." அவள் நகராட்சிச் சட்டைகள் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "அவங்க நனையறதுல எங்க அடுப்பு எரிய வேண்டாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் கைப்பிடிக்காரர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "முதல் தடவை கம்பியை நிறுத்தினாங்க. இந்தத் தடவை குடையைத் திறந்து விட்டாங்க. மூணாவது தடவை நம்மளையே கப்பல் ஏத்திடுவாங்க."

"உங்களை ஏத்தினா கப்பல் மூழ்கிடும் அண்ணே, பேசாம வாங்க" என்றாள் நாத்தனார். ஆனால் அவள் குரலிலும் பலமில்லை.

இரவுச் சாப்பாட்டில் கணவன் கேட்டான். "கணக்குச் சரிதானே?"

"கம்பி அந்த விலைக்கு வந்தா சரி."

"வரலேன்னா?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். அவன் கீரையைக் கொஞ்சம் எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

பத்தொன்பது நாள் ஆயிற்று. அதற்குள் தெரு பழைய குடைகளைச் சேகரித்துக் கம்பி பிரித்தது. துரு தேய்த்து, எண்ணெய் போட்டு, ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு மூன்று குடை தேறினால் பெரிசு. வானம் மதியத்துக்கு மேல் கறுக்கத் தொடங்கி, சும்மா பயமுறுத்திவிட்டுக் கலைந்துகொண்டிருந்தது. மருமகள் அடுப்பில் சோறு வைத்துவிட்டு மறந்தாள். ஒரு தடவை எட்டுக்குப் பதில் ஒன்பது துண்டு சேர்த்துத் தைத்துவிட்டாள். நாத்தனார் அதை விரித்துப் பார்த்து, "இது யாருக்கு அண்ணி, ஒன்பது திசைக்காரனுக்கா?" என்று கேட்டபோதுகூட அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபதாம் நாள் உத்தரவு வந்தது. கம்பிக்குத் தடை நீங்கியது. வெளிநாட்டுக் குடையும் வரலாம், ஐந்தில் ஒரு பங்கு வரியோடு, இரண்டு வருஷத்துக்கு. ஐந்தாக இருந்த குடை ஆறாகும். மாமனார் அதை மூன்று தடவை படித்தார். பெருமையாகச் சொல்வதா, பயந்து சொல்வதா என்று தெரியாமல் நிதானமான குரலில் படித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரக் கடைசியில் முதல் வண்டி வந்தது. துறைமுகத்திலிருந்து புது ஆள் ஒருவர். பதிவேட்டில் படித்த விலைக்கு மேல் ஏதோ கொஞ்சம் வைத்துச் சொன்னார். மாமனார் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரின் வண்டி தெருவுக்குள் திரும்பியது. அந்தக் கொஞ்சமும் குறைந்தது. சாயங்காலம் மூன்றாவதாக ஒரு வண்டி. அதற்கு முன்னால் துண்டால் நெற்றியைத் துடைத்தபடி நடந்து வந்தவர் பழைய கம்பிக்கடைக்காரர்.

"தலைவரே, இருபது வருஷப் பழக்கம். என்னை மறந்துடலாமா?"

"விலை?" என்றார் மாமனார்.

சொன்னார். மற்ற இருவரையும் விடக் குறைவு.

"அண்ணே," நாத்தனார் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள், "இந்த விலைக்குக் குடுத்தா உங்களுக்குக் கட்டுமா?"

"தாராளமாக் கட்டும்மா" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெருவே சிரித்தது. கணவன் அவரை அடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். அவர் உட்கார்ந்தார். டீ வந்தது. அந்த வண்டியோடு இன்னொரு வண்டிக் கம்பியையும் தெரு அவரிடமே வாங்கியது.

பதினேழு வீட்டிலும் சுத்தியல் சத்தம் எழுந்தது. முன்பு தொழிலை விட்ட வீடுகளில் ஒரு வீட்டிலும்கூடக் கதவைத் திறந்து ஒட்டடை அடித்தார்கள். சுவரோரம் கிடந்த துணிகள் ஒவ்வொன்றாகக் கம்பியில் ஏறின. குடையின் அடக்கம் ஏழுக்கும் கொஞ்சம் குறைவாகவே வந்தது. ஏழு என்று வைத்தார்கள். கைப்பிடிக்காரர் மட்டும் கைப்பிடிக்குத் தடை நாளில் ஏற்றின விலையையே சொன்னார். அடுத்த தெருவில் ஒருவன் கைப்பிடி கடைகிற பட்டறை போடப்போவதாக நாத்தனார் சும்மா சொல்லிவைத்தாள். மறுநாளே குறைத்தார்.

கடைவீதியில் குடை விற்கிற கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் பத்து டஜன் எடுத்தார். "ரெண்டும் வெக்கறேன். ஆறுக்கு அது, ஏழேகாலுக்கு உங்களது. ஜனங்க என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்."

ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று மருமகளுக்குத் தெரியவில்லை. கணக்கில் வராத எண் அது ஒன்றுதான். ஐந்து நாள் அவள் தலை நிமிராமல் தைத்தாள்.

ஆறாம் நாள் மதியம், எட்டாவது தையல் முடிந்து நூல் அறுத்த கையோடு, துணிக் குவியலில் சாய்ந்தவள் அப்படியே கண் அயர்ந்தாள். சற்று நேரத்தில் வானம் இருண்டு, பயமுறுத்தாமல், நேராகவே மழை பிடித்துக்கொண்டது. கூரையில் அடித்த அடியில் தெருவின் சுத்தியல் சத்தமே அமுங்கிப்போனது. அவள் அசையவில்லை. கணவன் சாரல் படாமல் ஜன்னலைச் சாத்தினான்.

வாசலில் குடைக் கடைக்காரர் வந்து நின்றார். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"தலைவரே, இருபது டஜன் வேணும். உடனே."

"போன பத்து?" என்றார் மாமனார்.

"அது நேத்தே முடிஞ்சுது. பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தேன். ஆறுக்கு வாங்கறவங்க அதை வாங்கறாங்க, விரிச்சுப் பார்க்கறவங்க இதை வாங்கறாங்க. ரெண்டும் போவுது. இப்போ இந்த மழைக்கு ஒண்ணு மிச்சமில்லை, நானே இப்படி வந்தேன். இருபதுக்கு எவ்வளவு குறைப்பீங்க? மருமகளைக் கூப்பிடுங்க, அதுகிட்டதான் பேசணும்."

மாமனார் கணவனைப் பார்த்தார். கணவன் துணிக் குவியலைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கத்தரிக்கோல் மேல் கிடக்க, அவள் குறட்டை கூட விட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசம் கழிச்சுத் தூங்கறா" என்றான் அவன், தணிந்த குரலில். "எழுப்ப மாட்டேன். மழை எங்கேயும் போயிடாது, உள்ள வந்து உட்காருங்க."

கடைக்காரர் நனைந்த செருப்பை வாசலில் கழற்றி, சத்தமில்லாமல் உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்தார்.